சம்பளமில்லாக் காவல்

நெடுங்கரை ஊர்ச்சபை தன் பூங்காவுக்கு இனிப் பணம் ஒதுக்குவதில்லை என்று தீர்மானம் போட்ட அன்றைக்கு, அந்தப் பூங்காவின் காவல்காரன் ராக்கன் இடுப்பளவு தண்ணீரில் நின்று சங்கிலி கட்டிக்கொண்டிருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதக் கடைசி.

கறம்பக்குடி போகிற சாலையில் இருந்த சந்தை ஊர் நெடுங்கரை. ஊரின் தெற்கே பெரியகுளம். குளத்தின் ஒரு கரையில் புன்னை மரங்கள், நாலைந்து கல் பெஞ்சுகள், சங்கிலி ஊஞ்சல் இரண்டு, குளிக்கப் படித்துறை. அவ்வளவுதான் பூங்கா. சமஸ்தானத்தார் பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தை ஊர்ச்சபைக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஜனங்கள் வந்து இளைப்பாறவும் குளிக்கவும் இடம் என்றைக்கும் திறந்திருக்க வேண்டும். மூடினால் நிலம் திரும்பப் போய்விடும்.

படித்துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு முழம் வரைக்கும் தண்ணீர் இடுப்பளவுதான். அதற்கப்பால் கசம். கரையை உயர்த்துவதற்காக ஒரு காலத்தில் மண் வெட்டி எடுத்த பள்ளம் அது. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் தெரியும். ஓர் அடி தள்ளி வைத்தால் ஆள் ஆழம். அடியில் இருக்கிற சேறு பிடித்த காலை விடாது. அந்த எல்லையில் ஆறு கல் தூண்களை நட்டு, இரும்புச் சங்கிலியைத் தண்ணீருக்கு மேலே கட்டியிருந்தார்கள். கோடையில் தூண்கள் சாயும், மழையில் சங்கிலி நழுவும். அதைக் கட்டிக்கொண்டே இருப்பதும், சந்தை நாளில் சங்கிலியைத் தாண்டுகிற பிள்ளைகளை இழுத்துப் போடுவதும் ராக்கனின் வேலை. ஒன்பது வருஷத்தில் கசம் ஓர் உயிரையும் கொண்டுபோகவில்லை.

சபையின் குமாஸ்தா ரெங்கராஜ் கரையில் வந்து நின்று குடையை மடக்கினார்.

"ராக்கா, மேல ஏறி வா. ஒரு சேதி."

"இன்னும் ஒரு கட்டுதான் சாமி. முடிச்சுட்டு வாரேன்."

"முடிக்காட்டியும் பரவாயில்லை. வா."

ராக்கன் ஈரத்தோடு ஏறி வந்தான். ரெங்கராஜ் அவன் முகத்தைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த மாசத்தோட ஒன் சம்பளம் நின்னுபோச்சு. வரியே வசூலாகலை. நெல்லு வெலை போன கதி ஒனக்கே தெரியும். சிலோன்லேருந்து திரும்பி வந்த ஜனம் கஞ்சிக்கில்லாமச் சத்திரத்து வாசல்ல கெடக்குது. இந்த நேரத்துல பூச்செடிக்குத் தண்ணி ஊத்தப் பணமான்னு தலைவர் கேட்டாரு. ஒருத்தரும் வாயைத் தொறக்கலை."

"பூச்செடி கெடக்கட்டும் சாமி. கசத்துக்கு யாரு காவல்?"

"நாளைக்குத் தலைவர் ஒன்னைப் பாக்கணும்னாரு" என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் குடையை விரித்தார்.

சபைத் தலைவர் கண்ணுசாமி கடைவீதியில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பஞ்சத்தில் இரண்டு மாதமாகத் தம் கைப்பொருளில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர். மறுநாள் காலை ராக்கன் கடை வாசலில் கும்பிட்டு நின்றபோது, அவனை உள்ளே கூப்பிட்டுத் தரையில் உட்காரச் சொன்னார்.

"பூங்காவை மூட முடியாது ராக்கா. மூடினா நெலம் போயிரும். சம்பளம் குடுக்கவும் வழியில்லை. அதனால ஒண்ணு செய்வோம். சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். புன்னைக்காய் எல்லாம் நீ பொறுக்கிக்க, எண்ணெய்க்குப் போடு. விழுகுற சுள்ளியும் ஒனக்கு. முன்ன மாதிரியே காவலைப் பாத்துக்க. மழை பெஞ்சு வெள்ளாமை தேறினா மொத வேலையா ஒன் சம்பளத்தைத்தான் திருப்பிப் போடுவேன்."

"எப்பங்க ஐயா?"

"ஆடி ஆவணிக்குள்ள."

ரெங்கராஜ் எழுதி வைத்திருந்த தாளைப் படித்துக் காட்டினார். இன்னார் மகன் ராக்கனாகிய நான் சம்பளம் ஏதும் பெறாமல் மேற்படி பூங்காவையும் படித்துறையையும் காவல் காத்து வரச் சம்மதிக்கிறேன். ராக்கன் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தான்.

வீட்டில் அவன் மனைவி அழகி அதைக் கேட்டதும் உலை மூடியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கூலியில்லாத வேலைக்கு எதுக்குங்க கைநாட்டு?"

"காயிதம் இல்லாட்டி புன்னைக்காய் பொறுக்க விடமாட்டாகல்ல."

"புன்னைக்காயைத் திங்க முடியுமா? வைக்காம வந்திருக்கலாம்ல?"

"நான் வந்துட்டா பிள்ளைக வராம இருக்குமா?" என்றான் ராக்கன். "அதுகளுக்குச் சபைத் தீர்மானம் தெரியுமா?"

அழகி மூடியை எடுத்து உலையை மறுபடி மூடினாள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

சித்திரை வைகாசியில் குளத்துக்குக் கூட்டம் முன்னைவிட அதிகமாக வந்தது. தோட்டங்களில் வேலை போய்க் கப்பலேறித் திரும்பியவர்கள் வேறு போக்கிடமில்லாமல் புன்னை நிழலில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏறவில்லை. ராக்கன் பசியோடு கரையில் நின்று கத்தினான். தூண்களில் இரண்டு சாய்ந்தன. சங்கிலியை இழுத்துக் கட்டக் கயிறு வேண்டும் என்று சபை ஆபீசுக்கு மூன்று முறை நடந்தான்.

"கயித்துக்குன்னு இந்த வருஷம் ஒதுக்கீடே கெடையாதுப்பா" என்றார் ரெங்கராஜ். ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. பூங்காவுக்கு மானியம் கேட்டுச் சமஸ்தானத்துக்கு ஒரு மனு அவரே எழுதினார். குளத்துக்கு வருகிறவர்களிடமும் கடைவீதியிலும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். ராக்கனும் அவரோடு வீடு வீடாக நடந்தான். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. உள்ளூர்ப் பூங்கா உள்ளூர்ச் சபையின் பொறுப்பு. மனு சபைக்கே அனுப்பப்படுகிறது என்று அதில் இருந்தது. சபை அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டது.

இற்றுப்போன கிணற்றுக் கயிறு ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி ராக்கன் சங்கிலியைக் கட்டினான். அது ஒரு மாதம் தாங்கியது.

ஆடி போயிற்று. ஆவணியும் போயிற்று. சாலைக்குக் கல் உடைக்கப் போய்க் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்த அழகியின் கால் விரலில் சம்மட்டி விழுந்து நசுங்கிவிட்டது. காய்ச்சலோடு படுத்தவள் நாலு நாள் கண் திறக்கவில்லை. வீட்டில் கேழ்வரகு இல்லை. ஐந்தாம் நாள் ராக்கன் சாவியை எடுத்துக்கொண்டு சபை ஆபீசுக்குப் போனான்.

"சாமி, இனிமே என்னால ஆகாது. அவ எடத்துக்கு நான் கல் ஒடைக்கப் போறேன். சாவியை வாங்கிக்குங்க."

ரெங்கராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் எப்படி வாங்குறது? தலைவர் திருச்சி போயிருக்காரு, வர பத்து நாளாகும். அதுவரைக்கும் பொறுத்துக்க."

"பத்து நாளைக்கு என்னத்தைச் சாமி திங்கிறது?"

"ராக்கா..."

"அப்ப பூட்டிரவா? பூட்டிட்டாவது போறேன்."

"ஐயையோ, பூட்டிராதே. பூட்டுனது மேல தெரிஞ்சா நெலம் போயிரும். என் வேலையும் போயிரும்."

ராக்கன் சாவியை மேஜை மேல் வைத்தான். "பூட்டலை. தொறந்துதான் கெடக்கு. ஒரு ஆளைப் போடச் சொல்லுங்க சாமி. மழை வந்து குளம் பெருகுறதுக்குள்ள போடச் சொல்லுங்க. சங்கிலி நிக்கலை."

"தலைவர் வந்ததும் சொல்றேன்" என்றார் ரெங்கராஜ். சாவியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

போகிற வழியில் ராக்கன் இலந்தை முள்ளை வெட்டிக்கொண்டு வந்து, கசத்தின் பக்கம் தண்ணீருக்குள் காலால் மிதித்து மிதித்துப் பரப்பினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணுசாமி திருச்சியிலிருந்து வந்தார். ரெங்கராஜ் சொன்னார். ஆளைப் பார்ப்போம் என்றார் தலைவர். பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. குளம் ஒரே வாரத்தில் பெருகியது. முள் எல்லாம் மிதந்து மறுகரைக்குப் போய்விட்டது. சங்கிலி தண்ணீருக்குள் அமிழ்ந்துபோயிற்று.

மழை விட்ட சந்தை நாளில், பக்கத்து ஊர்ப் பொன்னுத்தாய் தன் ஒன்பது வயது மகள் செவந்தியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கு வந்தாள். அவர்களும் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள். பொன்னுத்தாயின் புருஷன் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனான். சந்தையில் நாலு பூசணிக்காய் விற்றுவிட்டு, ஊர் திரும்புவதற்கு முன் கொஞ்சம் உட்காரலாம் என்று வந்தார்கள். ராக்கன் காவல் இருந்த நாளில் வாசலில் மாட்டிய சபைப் பலகை பழையபடியே இருந்தது. செவந்தி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"நெடுங்கரைச் சபைப் பூங்கா. குளிக்கலாம். காவல் உண்டு." பிறகு, "ஆத்தா, காவல் உண்டாம். நான் போயிக் குளிச்சுட்டு வரட்டா?" என்று கேட்டாள்.

"படியிலயே நின்னு குளி" என்றாள் பொன்னுத்தாய்.

புன்னை மரத்தில் சாய்ந்தவள் அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்துப் பார்த்தபோது படியில் பாவாடை மட்டும் மடித்து வைத்தபடி இருந்தது.

ராக்கன் ஆறு மைல் தள்ளிக் கறம்பக்குடிச் சாலையில் கல் உடைத்துக்கொண்டிருந்தான். சபைச் சேவகன் சைக்கிளில் வந்து அவனைத் தேடிப் பிடித்தான். "கசத்துல ஒரு புள்ளை போயிருச்சு. மூணு பேரு முங்கிப் பாத்தாக, அகப்படலை. ஒன்னைக் கூட்டியாரச் சொன்னாரு தலைவர்."

சேவகன் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னதைக்கூட ராக்கன் காதில் வாங்கவில்லை. சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். குளத்தங்கரையில் ஊரே நின்றது. வெயில் சாய்ந்திருந்தது. பொன்னுத்தாயை நாலு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். எந்த இடத்தில் கால் வழுக்கும், வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது முங்கில் கை பட்டது.

அமிழ்ந்துபோன சங்கிலியை அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்த பிடி விடவில்லை. அவன் மேலே வந்து மூச்செடுத்துவிட்டு மறுபடி போய், தண்ணீருக்கடியில் விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தான். திறந்திருந்த கண்களைக் கையால் தடவி மூடினான். அதற்குப் பிறகுதான் தூக்கிக்கொண்டு மேலே வந்தான்.

தாயின் மடியில் கிடத்தியபோது அவள் அவனைப் பார்த்து, "நீதானாடா காவக்காரன்? எங்கடா போனே?" என்று கேட்டாள். அவன் கைகட்டி நின்றான். அவள் மண்ணை வாரி அவன் மேல் எறிந்தாள்.

பத்து நாள் கழித்து விசாரணை நடந்தது. கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தான் என்று ராக்கன் மேல் வழக்கு. சபையின் சார்பில் அந்தக் கைநாட்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"இது ஒன் ரேகையா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"ஆமாங்க. ஆனா சம்பளம் கெடையாதுங்க. பங்குனியோட நின்னுபோச்சு."

"சம்பளம் இல்லாமக் காவல் காக்கிறேன்னுதானே இதுல இருக்கு? அதுக்குச் சம்மதிச்சுத்தானே ரேகை வச்சே?"

"சம்மதிச்சேங்க. பெறகு முடியாம சாவியைக் குடுத்துட்டேங்க. குமாஸ்தா ஐயாகிட்டதான் குடுத்தேன்."

ரெங்கராஜைக் கூப்பிட்டார்கள். அவருக்கு நாலு பெண்கள். மூத்தவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தலைவர் கண்ணுசாமி முன்வரிசையில் உட்கார்ந்து மேல்துண்டின் கரையை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"இவன் உம்மகிட்ட சாவியைக் குடுத்தானா?"

"சாவி ஆபீஸ்லதான் இருக்குதுங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும். வேலையை விட்டுப் போறேன்னு இவன் உம்மகிட்ட சொன்னானா?"

ரெங்கராஜ் தொண்டையைச் செருமினார். "எழுத்து மூலமா எதுவும் வரலைங்க."

"சொன்னானா, இல்லையா?"

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க."

ராக்கன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அவன் முகத்தில் இருந்தது. அவருடைய கையால் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள்.

பொன்னுத்தாயிடம் நடந்ததைக் கேட்டார்கள். "காவல் உண்டுன்னு பலகையில எழுதியிருந்துச்சு. எம் மக வாசிச்சுச் சொன்னா. அதை நம்பித்தான் விட்டேன்" என்றாள். அந்தப் பலகையை ஏன் எடுக்கவில்லை என்று யாரும் சபையைக் கேட்கவில்லை.

கடைசியாக ராக்கனிடம், வேறு ஏதாவது சொல்லவேண்டியிருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சங்கிலி அமிழ்ந்து கிடந்ததையும், அந்தப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு கிடந்ததையும் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது. சொன்னால் கயிறு கேட்டு நடந்ததையும் சொல்லலாம். ஆனால் பொன்னுத்தாய் சுவரோரம் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றான்.

மூன்று மாதம் ஜெயில் ஆயிற்று.

அவன் உள்ளே இருந்தபோது சபை அவசரக் கூட்டம் போட்டது. சமஸ்தானத்திலிருந்தும் மானியம் வந்தது. கசத்தைச் சுற்றிப் புதுத் தூண்களும் கம்பி வேலியும் போட்டார்கள். சம்பளத்துக்கு இரண்டு காவல்காரர்களை நியமித்தார்கள். கண்ணுசாமி முன்னின்று வேலையை முடுக்கினார். ஊரில் அவரைப் பாராட்டினார்கள். ரெங்கராஜ் ஒருநாள் பொழுது சாய அழகியின் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல்லோடு வந்தார்.

"வண்டியிலேருந்து எறக்காதீங்க சாமி" என்றாள் அழகி.

"அவன் வெளியில வந்ததும் வேலை போட்டுத் தரச் சொல்லித் தலைவர்கிட்ட பேசுறேன்மா."

"அன்னைக்குப் பேசியிருக்கலாம்ல. பெரிய பேச்சுக்கூட வேணாம். ஆமான்னு ஒரு சொல்லு."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மூத்த பெண்ணின் கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

அழகியின் கால் ஆறியதும் அவள் மறுபடி கல் உடைக்கப் போனாள். மார்கழியில் ஒருநாள் மேஸ்திரி புதிதாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அவளுடைய வரிசையில் உட்காரவைத்தார். பொன்னுத்தாய். அந்தப் பக்கத்தில் வேறு கூலி எங்கேயும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்தது. எட்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் பொன்னுத்தாய் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஒம் புருசனுக்குச் சம்பளமே கெடையாதாமே?"

"பங்குனியோட நின்னுச்சு."

"அதை ஏன் கோர்ட்டுல சொல்லலை?"

"சொன்னாரே. நீங்களும் அங்கதான இருந்தீக."

"அன்னைக்கு எங் காதுல ஒண்ணும் ஏறலை." பொன்னுத்தாய் ஒரு கல்லை எடுத்துத் திரும்பக் குவியலில் போட்டாள். "தெனமும் படுக்கும்போது அவரைத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். இனிமே யாரைத் திட்டுறதுன்னு தெரியலை."

அழகி தன் கலயத்துக் கஞ்சியில் பாதியை அவளுக்கு ஊற்றினாள்.

தை மாதக் கடைசியில் ராக்கன் வெளியே வந்தான். பூங்காப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாளே அழகியோடு சாலைக்குக் கிளம்பினான். பொன்னுத்தாயும் அங்கே இருக்கிறாள் என்று அழகி வழியில்தான் சொன்னாள். அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"திரும்பிப் போனா எதைத் திங்கிறது? வாங்க" என்றாள் அவள்.

அவன் வரிசையின் கடைசியில், முகத்தைத் திருப்பி உட்கார்ந்து கல் உடைத்தான். மத்தியான வேளையில் பொன்னுத்தாயே எழுந்து அவனிடம் வந்தாள். அவன் எழுந்து நின்றான்.

"மேல மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்" என்றாள்.

"இருக்கட்டும் தாயி."

"ஒண்ணு கேக்கணும். நீங்கதானே எடுத்தீக. வேற யாரும் பாக்கலை." அவளுடைய குரல் இறங்கிப்போயிற்று. "ரொம்பத் தவிச்சிருப்பாளா? என்னைக் கூப்பிட்டிருப்பாளா? நான் தூங்கிட்டேனே."

ராக்கன் அவளை நேராகப் பார்த்துச் சொன்னான். "இல்லை தாயி. அந்த எடத்துல கால் வைச்ச மாத்திரத்துல தலை முங்கிரும். கூப்பிட நேரமே இருக்காது. நான் பாக்கும்போது கண்ணை மூடி, கையை விட்டு, தூங்குற பிள்ளை மாதிரிதான் கெடந்துச்சு."

"கையை விட்டுத்தான் கெடந்தாளா?"

"ஆமா."

அவள் முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அப்ப சரி" என்றாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து சுத்தியலை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது, மற்றவர்களை முன்னால் போகவிட்டு அழகி பின்தங்கினாள்.

"நீங்க அவகிட்ட சொன்னது நெசந்தானா?"

"இல்லை" என்றான் ராக்கன்.

சாலையில் நடந்துகொண்டே அந்த விரல்களைப் பற்றி அவளிடம் சொன்னான். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கயிறு கேட்டு நடந்தது, சாவியை மேஜையில் வைத்தது, பூட்டிவிடட்டுமா என்று கேட்டது, கேட்காமலே பூட்டியிருக்க வேண்டும் என்று ஜெயிலில் ஒவ்வொரு நாளும் நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னான். வீடு வரும்வரை அழகி நசுங்கிய காலைச் சாய்த்துச் சாய்த்து அவன் பக்கத்திலேயே நடந்தாள்.

மறுநாள் விடியலில் இருவரும் மறுபடி வேலைக்குப் போனார்கள்.